எண்பத்துநான்கு சதவீதம்

"கரண்டு போனாலும் நிக்காத பாயின்ட் எதுபா இந்த வீட்ல?" என்று கேட்டபடி ஐஸ் பெட்டியின் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார் பெட்டிக்காரர் அஜித்.

கூடத்தில் நின்றிருந்த நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் நடு அறைச் சுவரைக் காட்டினார்கள். தெருவுக்கே தெரிந்த பாயின்ட் அது. இன்வெர்ட்டரோடு சேர்த்தது. பெரிய காஞ்சிபுரம் முழுக்க மின்விசிறிகள் ஓய்ந்துபோகும் மத்தியானங்களிலும் அதன் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இப்போது அதில் ஏற்கெனவே ஒரு பிளக் செருகியிருந்தது. ஒயர் தரையோடு ஓடி, கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் போனது. திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் 84% என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

பஞ்சாட்சரம் அந்த வரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மனைவி இறந்து இரண்டே கால் மணி நேரம் ஆன ஒரு மனிதர், 'கொஞ்சம் இருங்க, இன்னும் பதினாறு சதவீதம்தான் பாக்கி' என்று சொல்வதற்கு எந்தச் சமூகத்திலும் முறை வகுத்து வைக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்த நெசவாளர் சங்கத்து முனிரத்தினம் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். அஜித் பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. கூடத்தில் ஐஸ் பெட்டி ஒரு முறை குலுங்கி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்குக் கீழே நீலாம்பாள், நெற்றியில் ஒற்றை ரூபாய் அளவுக்குக் குங்குமத்தோடு, வேலை பாதியில் நிற்கும்போது அவள் முகத்தில் வழக்கமாக வரும் சிடுசிடுப்பு ஏதும் இல்லாமல் கிடந்தாள்.

காலை ஐந்தரைக்கு வாசல் தெளித்துவிட்டு வந்து அவள்தான் அந்தக் கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்து வைத்தாள். பத்தாவது விண்டோஸிலிருந்து பதினொன்றாவதற்கு. பழைய மெஷின், நேரம் எடுக்கும் என்றாள். தோள்பட்டை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்தாள். "முடிஞ்சதும் எழுப்புங்க" என்றாள். பஞ்சாட்சரம் ஏகாம்பரநாதர் கோயில் மதிலோரம் நடந்துவிட்டு, கடையில் காபி குடித்துவிட்டு ஆறரைக்குத் திரும்பியபோது திரையில் நாற்பத்தொன்று இருந்தது. நாற்பத்தொன்று ஆயிருக்குது என்று சொல்லத்தான் உள்ளே போனார். பிறகு டாக்டர் வந்தார், மகள் அகிலாவுக்கு பெங்களூருக்கு போன் போனது, தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த மெஷின் மட்டும் எதுவும் தெரியாமல் ஐம்பது, அறுபது, எழுபது என்று போய்க்கொண்டே இருந்தது.

வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'பஞ்சாட்சரம் கம்ப்யூட்டர் மருத்துவமனை. இங்கு அனைத்து வகைக் கணினிகளுக்கும் விண்டோஸ் ஏற்றித் தரப்படும். நிறுவனர்: கணினி வல்லுநர் அ. பஞ்சாட்சரம், ஓய்வு.' ஓய்வு என்பது நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதைக் குறிக்கும். வல்லுநர் என்பதற்கான சான்று கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சங்கத்தைக் கணினிமயமாக்கிய காலத்தில் சென்னையில் நடந்த மூன்று நாள் பயிற்சியின் சான்றிதழ். முதல் நாள் திறப்பு விழா. மூன்றாம் நாள் சான்றிதழ் வழங்கும் விழா. நடுவில் இருந்த ஒரு நாளில் பஞ்சாட்சரம் மெரினாவுக்குப் போயிருந்தார்.

அந்தப் பயிற்சியின் தெம்பில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டாவது மாதம், இடத்தை அடைக்கிறது என்று ஒரு பெரிய ஃபோல்டரை அழித்தார். தான் வைக்காத பொருள் தன் வீட்டில் எப்படி வந்தது என்பதுதான் அவருடைய கோபம். மறுநாள் மெஷின் எழுந்திருக்கவில்லை. விண்டோஸே அந்த ஃபோல்டரில்தான் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். நாலாவது நாள், குறுந்தகட்டு உறையில் இருந்த இருபத்தைந்து எழுத்துகளைப் படித்துச் சொல்ல நீலாம்பாளைக் கூப்பிட்டார். அவள் படித்துச் சொன்னாள். அவர் மூன்று முறை தப்பாக அடித்தார். அவள், "நவுருங்க" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது.

நீலாம்பாள் பதினான்கு வயதிலிருந்து பாவு பிணைத்தவள். தறியில் பழைய பாவு தீரும் நேரத்தில் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் முனையோடு சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். ஐயாயிரம் இழை. ஒன்று தப்பினால் புடவை முழுக்க ஒரு கோடு. அந்தப் பொறுமையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்கு, எட்டாம் வகுப்பு இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புரியாததை எழுதி வைத்துக்கொண்டாள். பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஏற்றுவதற்கு அவள் வைத்த பெயர் பிணைப்பு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவது புதுப் பாவு. "பிணைப்பு இருக்கறப்ப இன்னாத்துக்குங்க அறுக்கணும்?" என்பாள். தன்னிடம் வந்த மெஷின்களில் பத்துக்கு ஒன்பதை அவள் அறுக்காமலே பிழைக்க வைத்தாள்.

அதன் பிறகு மருத்துவமனை நடந்த விதம் இது. தெருவில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். பஞ்சாட்சரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து, காதை அதன் மேல் வைத்து, "ம்" என்பார். "கெர்னல்ல பிரச்சினை. ரெண்டு நாள் ஆகும்" என்பார். அவர்கள் போனதும் பெட்டி நடு அறைக்குப் போகும். அங்கே குழம்பு கொதிக்கும் நேரத்திலும் மாவு அரைபடும் நேரத்திலும் நீலாம்பாள் அதைச் சரி செய்வாள். கரண்டு போய்ப் பிணைப்பு நடுவில் நின்றுவிடக் கூடாது என்று அந்த இன்வெர்ட்டர் பாயின்ட்டைச் சண்டை போட்டு வைக்கச் சொன்னவளும் அவள்தான். சாயங்காலம், என்ன ஆயிருந்தது என்று இரண்டு வரியில் அவருக்குச் சொல்வாள். அவர் அதை இருபது வரியாக்கி உரியவரிடம் சேர்ப்பார். பதினான்கு வருஷத்தில் தெருவில் அவருக்குக் கம்ப்யூட்டர் பஞ்சாட்சரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வருகிற மாதம் சங்கத்து ஆண்டு விழாவில் 'கணினிச் செம்மல்' என்ற பட்டம் தருவதாகவும் முனிரத்தினம் தலைமையில் தீர்மானமாகியிருந்தது. அதற்கான படக்காட்சிக்காகத் தம்முடைய முப்பத்திரண்டு படங்களை ஒரு பெரிய பென்டிரைவில் போட்டு, மூன்று நாளைக்கு முன்பு முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார் பஞ்சாட்சரம்.

அந்தப் படங்கள் வேறொரு விதத்தில் முதலில் உதவின. பத்து மணிக்கெல்லாம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது. இந்த விஷயத்தில் முனிரத்தினத்தை மிஞ்ச ஆள் கிடையாது. 'கணினி வித்தகர் பஞ்சாட்சரம் அவர்களின் துணைவியார் இறைவனடி சேர்ந்தார்.' வித்தகர் கையைக் கட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றார். நீலாம்பாள் வலது கீழ்மூலையில் ரேஷன் கார்டு அளவுக்கு இருந்தாள். பெயர் துணைவியாருக்கு அப்புறம் அடைப்புக்குள்.

சாவு என்று மட்டும் கேள்விப்பட்டு ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திறங்கிய நீலாம்பாளின் ஒன்றுவிட்ட தங்கை பேனரை நிமிர்ந்து பார்த்தாள். அங்கேயே மார்பில் அடித்துக்கொண்டு, "இப்டி அவளைத் தனியா வுட்டுட்டுப் போய்ட்டியே மாமா" என்று அழுதபடி வீட்டுக்குள் வந்தாள். வாசல் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். அவள் சட்டென்று நின்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். அழுகையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பஞ்சாட்சரத்துக்கும் ஏதோ தவறு தம்முடையது போலத் தோன்றியது.

பதினோரு மணிக்கு கிரேஸ் டீச்சர் வந்தார். பின்தெருவில் இருப்பவர். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல். மாலையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு வெகுநேரம் குனிந்தே நின்றார். நிமிரும்போது அவருடைய கண் நடு அறைக்குள் போனது. கிரைண்டருக்குப் பக்கத்தில், ஒயர் பிடுங்கப்பட்டு, திரை கறுத்துக் கிடந்தது அவருடைய கம்ப்யூட்டர்.

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களோடு போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். கேட்டிருந்தால் பஞ்சாட்சரம் ஏதாவது சொல்லியிருப்பார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து வைத்தபோது டீச்சரே சொல்லியிருந்தார். தமிழ் வழியில் படிக்கிற, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்காக ஓர் இயற்பியல் புத்தகம். நாலு வருஷம், இரண்டு விரலால் அடித்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வேறெங்கும் காப்பி இல்லை. "நாளைக்குக் காலையில ரெடி டீச்சர். என் பொறுப்பு" என்று பஞ்சாட்சரம் மார்பில் கை வைத்துச் சொல்லியிருந்தார். உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த நீலாம்பாள் அப்போது, "நாளைக்கேவா?" என்று மட்டும் கேட்டாள்.

அகிலா மத்தியானம் வந்தாள். அம்மாவின் கால் பக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஐஸ் பெட்டியின் பிளக்கை அஜித் பிடுங்கினார். மகன் இல்லாததால் கொள்ளி பஞ்சாட்சரமே வைத்தார். சுடுகாட்டில் முனிரத்தினம் இரண்டு நிமிடம் பேசினார். ஒரு மேதையின் பின்னால் நின்று அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்ட தியாகத்தைப் பற்றி அதில் ஒன்றரை நிமிடம். பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மெஷின் எண்பத்துநான்கில் நிற்பதை அந்த நேரத்திலும் அவரால் மறக்க முடியவில்லை. பதினாறு சதவீதத்தை அவரேதான் விட்டுக்கொடுத்தார். வாயைத் திறந்திருந்தால் அஜித் இன்னொரு பாயின்ட் பார்த்திருப்பார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் குளித்துத் திரும்பினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். நடு அறையில் தண்ணீர் ஊற்றும் முன் கிரேஸ் டீச்சர்தான் தம்முடைய பெட்டியையும் திரையையும் தூக்கிக் கட்டில் மேல் வைத்திருந்தாராம். கூடத்தில் நீலாம்பாள் கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. பஞ்சாட்சரம் காபியை வைத்துவிட்டு நடு அறைக்குள் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டார். நோட்டு அங்கேதான் இருந்தது.

அகிலா ஒன்பதாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டு விட்ட வேதியியல் நோட்டு. மீதிப் பக்கங்களில் நீலாம்பாள் எழுதியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அதைத் திறந்ததில்லை. திறக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம். உரியவர் பெயர். அதற்குக் கீழே, அந்த மெஷினுக்குள் அவர்களுக்கு எது முக்கியமோ அது. முனிரத்தினம்: பேத்தி டான்ஸ் ஆடுன வீடியோ, மேடையில பேசின போட்டோ ஆயிரத்தி இருநூறு, ரெண்டையும் தொடக் கூடாது. ஜெராக்ஸ் கடை: ஒண்ணும் இல்ல, ஆனா பயப்படறாரு. ஒவ்வொரு பக்கத்திலும் 'காப்பி' என்று எழுதி, எடுத்ததும் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தாள். நூற்றுச் சொச்சம் பக்கம். எல்லாவற்றிலும் சரி இருந்தது.

கடைசிப் பக்கம் கிரேஸ் டீச்சர். 'புஸ்தகம் இருக்குது. காப்பி' என்று இருந்தது. சரி இல்லை. 'பெரிய பென்டிரைவ் அவரு விழாவுக்கு எடுத்துக்கினு போயிருக்காரு. நாளைக்கே வேணும்னு சொல்லிட்டாரு. பிணைப்புதான், போகாது. கரண்டு மட்டும் பாத்துக்கணும்.' அதற்குக் கீழே, எழுத்து மாறி, மெஷினில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியது போல: 'எண்பத்தெட்டாம் பக்கம் படம் தலைகீழா இருக்குது. டீச்சர்கிட்ட சொல்லணும். மின்னோட்டம் பாடம் நல்லாப் புரியுது.'

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரிப்பா, டீச்சர் மெஷினை நான் முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பறேன்" என்றபடி விக்னேஷ் வந்தான். தம்பி மகன். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கையை அகல விரித்துக் காட்டுவான். சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்து ஒரு முறை தட்டிப் பார்த்தான். நடுவில் பிடுங்கினால் உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருக்கும், ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், அரை மணி நேரம்தான் என்றான்.

"அப்போ உள்ள இருக்கறது?" என்றார் கிரேஸ் டீச்சர். காலையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி.

"பேக்கப் இருக்கும்ல? பெரிப்பா எடுக்காம ஆரம்பிப்பாரா?"

முனிரத்தினம் காபி டம்ளரை உயர்த்தி, இந்தத் துறையில் பஞ்சாட்சரம் சொல்வதுதான் முடிவு, அவர் சொல்லட்டும் என்றார். எல்லோரும் நடு அறை வாசலைப் பார்த்தார்கள். அங்கே பஞ்சாட்சரம் நோட்டோடு நின்றிருந்தார்.

'ம்' என்று சொன்னால் போதும். விக்னேஷ் அடித்துவிடுவான். கரண்டு போனதால் வந்த கேடு, என்ன செய்ய முடியும் என்று நாளைக்குத் தெருவே சொல்லும். சாவு வீட்டுக்காரரைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? டீச்சரும் ஒன்றும் சொல்ல மாட்டார். பட்டமும் வரும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் மட்டும் போகும்.

அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். மேடையில் பேசத் தயாராகும்போது செய்வது போலவே செய்தார். வேறு விதமாகப் பேச அவருக்குப் பழக்கமில்லை.

"இந்தத் தெருவுல ஒருத்தர் வீட்டு கம்ப்யூட்டரையும் நான் சரி பண்ணதில்ல" என்றார். "பதினாலு வருஷமா ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நீலாதான். கெர்னல்னா இன்னான்னு எனக்குத் தெரியாது. காப்பியும் எடுக்கல. அவ எடுக்கறதுக்கு இருந்த பென்டிரைவை நான்தான் என் போட்டோ போட எடுத்துக்கினு போய்ட்டேன்."

சொல்லிவிட்டு நின்றார். இடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

முனிரத்தினம் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது தெரிஞ்சதுதானேபா" என்றார்.

பஞ்சாட்சரத்துக்குப் புரியவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தெருவுக்கே என்றார் முனிரத்தினம். பெட்டியைக் கூடத்தில் அவரிடம் கொடுப்பார்களாம். பிறகு பின்பக்கமாக வந்து, சமையலறை ஜன்னலில் நீலாம்பாளிடம் என்ன கோளாறு என்பதைச் சொல்லிவிட்டுப் போவார்களாம். ஜெராக்ஸ் கடைக்காரர், முனிரத்தினம், எல்லோரும். ஐயம்பேட்டைத் தங்கைகூட, எனக்கும் தெரியும் மாமா என்பதுபோல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ இந்தப் பட்டம்?"

"அந்தம்மாவைக் கேட்டுட்டுதான் வெச்சோம்" என்றார் முனிரத்தினம். அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும், விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க பேர்லயே குடுத்துடறோம்மான்னு கேட்டேன். வாணாம், அவர் பேர்லயே குடுங்க, நான் மேடை ஏறிட்டா அப்புறம் ஆளாளுக்கு என்னை நிக்க வெச்சுப் பேசுவாங்க, எனக்கு வேலை கெட்டுப்பூடும்னு சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அகிலா மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு உடனே அழுதாள். அப்படியே அம்மா பேசுவது போல இருந்ததாம்.

பஞ்சாட்சரம் வாசல் வழியாகத் தொங்கும் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் அது வெறும் தகரம். பதினான்கு வருஷமாக இந்தத் தெரு அவர் காது வைத்துக் கேட்பதையும் 'ம்' சொல்வதையும் முகம் மாறாமல் நின்று பார்த்திருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டாள் என்பதற்காக.

"சரி பெரிப்பா, அது கெடக்கட்டும்" என்றான் விக்னேஷ். "இப்போ ஃபார்மட்..."

"அறுக்காதே" என்றார் பஞ்சாட்சரம்.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே மெஷின் பெயர் ஏதும் இல்லாமல், பொதுவாகச் சில வரிகள் இருந்தன. கண்ணாடியைத் தேடினார். அகிலா எடுத்துக் கொடுத்தாள். வழக்கமான குரல் இல்லாமல், எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பிணைப்பு நடுவுல கரண்டு போய்ட்டா. திரும்பப் போடு. எதையும் அமுக்காதே. அதுவே பின்னாடி போய்ப் பழைய பாவுல நிக்கும். நேரம் எடுக்கும். டீ குடி."

விக்னேஷ் ஏதோ சொல்ல வந்தான். அது எல்லா நேரத்திலும் வேலை செய்யாது, ரோல்பேக் ஃபெயில் ஆகும் என்பது போல ஒன்று. "செய்யலேன்னா அப்புறம் உன் வழி" என்றார் பஞ்சாட்சரம். இதில் தாம் சொல்வது தம்முடைய வார்த்தை இல்லை என்பது அவருக்கு வியப்பான ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

பெட்டியைத் திரும்ப நடு அறைக்குத் தூக்கிப் போனார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. இன்வெர்ட்டர் பாயின்ட் காலியாக இருந்தது. பஞ்சாட்சரம் தாமே குனிந்து பிளக்கைச் செருகினார். பட்டனை அழுத்தினார். பதினான்கு வருஷத்தில் இந்த அறையில் அவர் அழுத்தும் முதல் பட்டன்.

திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அதற்குக் கீழே ஒரு வரி. எழுத்தெழுத்தாகப் படித்தார். பழைய விண்டோஸைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று அதற்கு அர்த்தம் என்று விக்னேஷ் சொன்னான். சொன்ன விதத்தில் கொஞ்சம் மரியாதை இருந்தது. இந்த முறை சதவீதம் எதுவும் காட்டவில்லை. சுற்றியது, அவ்வளவுதான்.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். நோட்டில் இருந்தபடி எல்லோரும் குடித்தார்கள். விக்னேஷ் இரண்டு முறை எழுந்து விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனான். இரண்டு முறையும் பஞ்சாட்சரம் நோட்டை உயர்த்திக் காட்டினார். மூன்றாவது முறை அவன் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். போகும்போது பேனரை மாற்றி அடித்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நாளைக்கு என்றார் பஞ்சாட்சரம்.

புள்ளிகள் நின்றன. திரை மறுபடி கறுத்தது. டீச்சரின் கை கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. பழைய திரை. டீச்சர் போட்டு வைத்திருந்த அதே மலைப் படம், அதே இடத்தில் அதே ஃபோல்டர்கள்.

பஞ்சாட்சரம் எழுந்தார். எழுப்பச் சொன்ன நினைவில் படுக்கும் அறைப் பக்கமாக இரண்டு அடி வைத்தார். அங்கேயே நின்றார். அகிலா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

டீச்சர் ஃபோல்டரைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இருந்தது. அவர் பக்கங்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். விக்னேஷ் தன் பென்டிரைவை எடுத்து நீட்டினான், முதலில் ஒரு காப்பி என்று. காப்பி முடிந்ததும் பஞ்சாட்சரம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவை வாங்கி, அவள் விட்ட இடத்தில் ஒரு சரி போட்டார். அவளுடைய சரிகள் நேராக இருந்தன. அவருடையது கோணலாக விழுந்தது.

"டீச்சர்" என்றார். "எண்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு படம் தலைகீழா இருக்குதாம். நீலா சொன்னா."

டீச்சர் எண்பத்தெட்டுக்குப் போனார். ஒரு மின்கலம், ஒரு சாவி, ஒரு பல்பு, சுற்றிலும் கம்பி. மொத்தமும் தலைகீழாகத் தொங்கியது. நாலு வருஷமாகப் பார்த்தும் தமக்குத் தெரியவில்லையே என்றார். படத்தின் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். பல்பு நிமிர்ந்து நின்றது.